செத்தவன் தலையில் எழுதிய வழக்கு

1. சவக்கிடங்கு வாசலில்

நான் நடத்திய விபத்து வழக்குகளில் பலவும் இப்போது ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எந்த வளைவு, எந்த வண்டி, யாருடைய பிள்ளை என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்த வழக்கு மட்டும் கலக்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. நடுவட்டத்தில் டீக்கடை வைத்திருந்த ஒருவருக்கு நான் முன்பு ஒரு நில வழக்கு நடத்தியிருந்தேன். அவர்தான் காலையில் போன் செய்தார். "அம்மா, நேத்து சாயங்காலம் பைக்காராவுக்கு இந்தப் பக்கம் வளைவுல வேன் உருண்டிருச்சு. எஸ்டேட்டுப் பொம்பளைங்க நாலு பேரு போயிட்டாங்க. டிரைவரும் போயிட்டான். ஊட்டி ஆஸ்பத்திரியிலதான் எல்லாரும் கெடக்காங்க. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கொஞ்சம் போய்ப் பாருங்க."

போனேன். சவக்கிடங்கு வாசலில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான்கு குடும்பங்களும் ஒரு பக்கமாக நின்று அழுதன. எதிர்ப்பக்கம் சுவரோரம் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. அவளிடம் யாரும் பேசவுமில்லை. கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் இரண்டு முறை அவளை நோக்கிக் காறித் துப்பினார்.

"அது யாரு?" என்று கேட்டேன்.

"டிரைவர் பொண்டாட்டி" என்றார் காவலுக்கு நின்ற ஏட்டு. பிறகு, நான் வக்கீல் என்று தெரிந்ததால், ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார்: "ஒண்ணும் பெருசா இல்லீங்க மேடம். டிரைவர் மேலதான் மிஸ்டேக். அவனும் செத்துட்டான். கேஸு அதோட முடிஞ்சிரும்."

உடல்கள் இன்னும் உள்ளே கிடந்தன. அதற்குள் குற்றவாளி யார் என்று தீர்மானமாகிவிட்டது. குற்றவாளி பேச முடியாதவன் என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

2. வெள்ளை போர்டு

அந்தப் பெண்ணின் பெயர் புஷ்பம். புருஷன் பெயர் செல்லையா. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். செல்லையா நடுவட்டத்து எஸ்டேட்டில் கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்று ஆனதும் எஸ்டேட் நிர்வாகம் முதலில் ஃபாக்டரியை மூடியது. பிறகு வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்றது. கடைசியில் மானேஜரே பங்களாவைப் பூட்டிக்கொண்டு கீழ்நாட்டுக்குப் போய்விட்டார். கொழுந்து முற்றிக் காடாக நின்றது. தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது.

அங்கேதான் வேலுச்சாமி நுழைந்தார். மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர், காய்கறி வியாபாரி. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் காடுகளை விளைச்சலோடு மொத்தமாகப் பேசி வாங்குவார். பிடுங்க, கழுவ, மூட்டை கட்ட ஆட்கள் வேண்டும். கேத்தியில் இருக்கிற ஆட்களுக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும். நடுவட்டத்துப் பட்டினிக்குக் குறைந்த கூலி போதும். ஆகவே ஒரு பழைய வேனை வாங்கி, விடியுமுன் லயத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாய்கையில் கொண்டுவந்து விட ஏற்பாடு செய்தார். வேன் செலவைப் பெண்களின் கூலியிலேயே பிடித்துக்கொண்டார்.

வேனில் இருந்தது வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டி. வாடகைக்கு ஆள் ஏற்ற வேண்டுமென்றால் மஞ்சள் போர்டு வேண்டும், பெர்மிட் வேண்டும், வண்டி ஓடத் தகுதியானது என்று வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். டிரைவருக்கு பேட்ஜ் வேண்டும். மலைப்பாதையில் ஓட்ட லைசென்ஸில் தனி எண்டார்ஸ்மென்ட் வேண்டும். இதில் ஒன்றும் இல்லை. செல்லையாவிடம் இருந்தது சாதாரண லைசென்ஸ்.

"அவருக்குத் தெரியாம இல்லீங்கம்மா" என்று புஷ்பம் பிறகு என்னிடம் சொன்னாள். "லைசென்ஸ மாத்தி எழுதணும் மொதலாளி, ஒரு நா லீவு குடுங்கன்னு கேட்டாரு. கேரட் சீசன் முடியட்டும்னு சொல்லிட்டாரு. பிரேக்கு எறங்குதுன்னும் சொன்னாரு. அதுக்கும் சீசன் முடியட்டும்னுதான் சொன்னாரு."

"வேற வேலைக்குப் போயிருக்கலாமே?"

நான் அப்படிக் கேட்டதும் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு எந்தக் கட்சிக்காரரிடமும் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

3. "யாருக்கும் நட்டமில்லீங்களே"

நான்கு குடும்பங்களும் என்னிடம் வக்காலத்து கொடுத்தன. வேனில் இருந்தவர்களில் காயத்தோடு பிழைத்தவர்களும் உண்டு. அவர்களில் மூத்தவர் ராக்கம்மா. அவரும் மகள் தேவகியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். மகள் செத்துப்போனாள். ராக்கம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தேவகியின் கைக்குழந்தை ராக்கம்மாவிடம் வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே மனுவாக எழுதித் தாக்கல் செய்தேன். வேலைக்குப் போனது, கூலியில் வேன் காசு பிடித்தது, பிரேக் பற்றி செல்லையா சொன்னது, எல்லாம் அதில் இருந்தன.

மனு போன சில நாட்களில் வேலுச்சாமி என் ஆபீசுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. உட்காருமுன் இரண்டு கையும் கூப்பினார்.

"ஏனுங்க வக்கீலம்மா, இப்படி எழுதிப்போட்டீங்களே? வாடகை வண்டின்னு எழுதுனா இன்சூரன்ஸ்காரன் ஒரு பைசா தர மாட்டானுங்களே. பாவம், அந்தப் பொம்பளைக குடும்பம் என்னுங்க பண்ணும்?"

"நீங்க குடுங்க" என்றேன்.

சிரித்தார். "நான் எங்கீங்க போறது? கேரட்டுல நட்டம். இதைக் கேளுங்க. வண்டி சொந்த வண்டி. ஃபுல் பாலிசி. ஓசியில ஏறிட்டுப் போனவங்களுக்கும் அதுல கவர் ஆகுதுங்க. செல்லையா எனக்குத் தெரிஞ்ச பையன். கோயில் விசேசத்துக்குப் போகணும்னு வண்டி கேட்டான், குடுத்தேன். அக்கம்பக்கத்துப் பொம்பளைகளையும் ஏத்திட்டுப் போனான். அவ்வளவுதானுங்க. இப்படிச் சொல்லிப்போட்டா இன்சூரன்ஸ்காரன் குடுத்துத்தான் ஆகோணும். யாருக்கும் நட்டமில்லீங்களே."

அவர் சொன்ன சட்டம் சரிதான். யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். லைசென்ஸ் சிக்கலும் அதோடு தீர்ந்துவிடும். சொந்த வண்டியில் சும்மா போக சாதாரண லைசென்ஸே போதும். அதாவது, செல்லையாவின் லைசென்ஸ் பொய்க்குச் செல்லும், உண்மைக்குச் செல்லாது.

"புஷ்பம்?" என்று கேட்டேன்.

"எந்த புஷ்பம்?"

"செல்லையா சம்சாரம். அவர் உங்ககிட்ட வேலை பாத்தார்னா அந்தம்மாவுக்கு உங்ககிட்ட இருந்து இழப்பீடு உண்டு. ஓசியில வண்டி வாங்கிட்டுப் போன ஆள்னா ஒண்ணும் கிடையாது. நாலு பேரைக் கொன்னவன் பொண்டாட்டின்னு பேர் மட்டும்தான் மிஞ்சும்."

வேலுச்சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஓட்டுனவன் பொண்டாட்டிதானுங்களே அவ" என்றார்.

வாசற்கதவை நான் திறந்து பிடித்தேன். மரியாதைக்கு இல்லை. அவர் கை என் கதவில் படக்கூடாது என்று.

4. ரெய்டு

விபத்துச் செய்தி பேப்பரில் வந்ததும் அதிகாரிகளுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. ஊட்டி–கூடலூர் ரோட்டில் தினமும் ரெய்டு. வெள்ளை போர்டு வேன், ஜீப் எல்லாவற்றையும் மடக்கினார்கள். டிரைவர்களின் லைசென்ஸைப் பிடுங்கினார்கள், அபராதம் போட்டார்கள். வண்டி முதலாளி ஒருவர்கூட ரோட்டுக்கு வரவில்லை. முதலாளிகள் அந்த அபராதத்தை டிரைவர்களின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

வேன் நின்றதால் லயத்துப் பெண்களுக்கு வேலையும் நின்றது. அந்த நேரத்துக்கு ஒரு பஸ் விடுங்கள் என்று மனு எழுதிக்கொண்டு நானே நாலு அலுவலகம் ஏறினேன். ஓர் அதிகாரி நிதானமாக விளக்கினார்: "அந்த ரூட்டுல கலெக்‌ஷன் இருக்காதும்மா."

அடுத்த மழைக்குள் ரெய்டு ஓய்ந்தது. அதே வேன்கள் திரும்ப ஓடின. வேலுச்சாமியும் இன்னொரு வேன் வாங்கியிருந்தார், மச்சான் பெயரில். போர்டு வெள்ளைதான்.

5. பிரிந்த கட்சி

வேலுச்சாமி என்னிடம் பேசிப் பார்த்ததோடு நிற்கவில்லை. லயத்துக்கே போய் ஒவ்வொரு குடும்பத்திடமும் பேசினார். ஒருநாள் எல்லோரும் சேர்ந்து என் ஆபீசுக்கு வந்தார்கள்.

செத்துப்போன ஒரு பெண்ணின் கணவர் ஆரம்பித்தார். "அம்மா, கோயிலுக்குப் போனோம்னு சொன்னா பணம் வருதுன்னா சொல்லிட்டுப் போறோம். செத்தவ திரும்பியா வரப்போறா? எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதும் இல்லை. பசியில் இருப்பவனிடம் பொய்யை ஏந்தச் சொன்னவன்மேல்தான் கோபம். ஆனாலும் என்னால் முடியாததைச் சொன்னேன்.

"பொய்னு தெரிஞ்சு உங்களைக் கூண்டுல ஏத்த என்னால முடியாதுங்க. நீங்க வேற வக்கீலைப் பாக்கணும்னா கேஸ் கட்டை இப்பவே தந்துடுறேன். எனக்கு வருத்தம் இல்லை. ஆனா உண்மையைச் சொன்னாலும் ஜெயிக்க வழி இருக்கு. முதல்ல இன்சூரன்ஸ் குடுக்கட்டும், அப்புறம் அவங்க முதலாளிகிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு கோர்ட் உத்தரவு போடலாம். போடுவாங்கன்னு சத்தியம் பண்ண முடியாது."

"சத்தியம் பண்ண முடியாதுல்ல?" என்றார் அவர். அவரும் இன்னொரு குடும்பமும் கட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ராக்கம்மா கம்பை ஊன்றிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு, "எனக்கு செல்லையா மேல ஆத்திரம் தீரலம்மா" என்றார். "பிரேக்கு இல்லன்னு தெரிஞ்சும் ஏன் வண்டிய எடுத்தான்? எம்மகள ஏன் ஏத்துனான்? அவன் பொண்டாட்டி மொகத்துல முழிக்க மாட்டேன்."

"அப்ப என்ன சொல்லப்போறீங்க?"

"பாப்போம்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

6. படங்கு

எல்லா மனுக்களையும் சேர்த்து ஒன்றாக விசாரித்தார்கள். ராக்கம்மா கூண்டில் ஏறிய அன்று அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. என் தொழிலில் அதைவிட மோசமான நிலைமை கிடையாது.

நான் கேட்ட முதல் கேள்விகளுக்கு, வேனில் போனேன், உருண்டது, மகள் செத்தாள் என்று மட்டும் சொன்னார். எதற்குப் போனீர்கள் என்றதற்கு மௌனம். நீதிபதி இரண்டு முறை கேட்டும் தலைகுனிந்தே நின்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வேலுச்சாமியின் வக்கீல் உற்சாகமாக எழுந்தார். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா, அன்னிக்குக் கோயில் விசேசத்துக்குத்தானே போனீங்க?"

ராக்கம்மா கம்பை மாற்றி ஊன்றினார்.

"செல்லையா உங்க லயத்துக்காரர். எல்லாரும் ஒண்ணா, சந்தோசமா, ஜாலியா கெளம்பிப் போனீங்க. சரிதானே?"

ராக்கம்மா தலையை நிமிர்த்தினார்.

"என்னா சொன்னீங்க?"

"ஜாலியா…"

"எம்மக இடுப்புல படங்கு கட்டியிருந்தா" என்றார் ராக்கம்மா. சேலை நனையாமலிருக்கப் பெண்கள் வேலைக்குக் கட்டும் முரட்டுச் சாக்கு அது. "ரத்தத்தோட அந்தப் படங்க நாந்தான் அவுத்தேன். அவ கையி பூரா கேரட்டு மண்ணு. கோயிலுக்கு யாருய்யா படங்கு கட்டிட்டுப் போறது? பச்சப் புள்ளைய விட்டுட்டு, மழையில நின்னு, கேரட்டு கழுவிட்டு வந்து செத்தா எம்மக. அவளப் போயி ஜாலியா போனான்னு சொல்றியே!"

அவர் நிறுத்தவில்லை.

"கூலியில வேன் காச இந்த ஆளுதான் புடிச்சாரு." வேலுச்சாமியை நோக்கி நேராகக் கை நீட்டினார். "பிரேக்கு எறங்குதுன்னு செல்லையா இவருகிட்ட சொன்னான். நான் பக்கத்துல நின்னு கேட்டேன். ஓட்டுனா ஓட்டு, இல்லாட்டி சாவியக் குடுத்துட்டுப் போ, நூறு பேரு நிக்கிறான்னு இவரு சொன்னாரு. இதுதான் நடந்துச்சு. பணம் குடுத்தா குடுங்க. குடுக்காட்டி போங்க."

இன்சூரன்ஸ் வக்கீலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வாடகை வண்டி என்று சாட்சியே ஒப்புக்கொண்டாகிவிட்டது. "அப்ப, டிரைவர்கிட்ட பேட்ஜ் இருக்கான்னு பாக்காமத்தான் ஏறுனீங்க?" என்றார்.

"பஸ்ஸுல ஏறுறப்ப நீங்க பாத்துட்டா ஏறுறீங்க?"

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ராக்கம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

பிறகு வேலுச்சாமி கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணை எனக்கு.

"செல்லையா உங்க நண்பர்?"

"ஆமாங்க. ரொம்பப் பழக்கம்."

"அவர் சம்சாரம் பேரென்ன?"

"அது… சட்டுனு வரலீங்க."

"எத்தனை பிள்ளைங்க?"

"இருக்குதுங்க."

"அவருக்குப் பிள்ளைங்க கிடையாது. அவரை அடக்கம் பண்ணினப்ப போனீங்களா?"

"மண்டியில லோடு இருந்துச்சுங்க."

"அன்னிக்கு விசேஷம் நடந்தது எந்தக் கோயில்ல?"

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேஜையைப் பார்த்தார்.

7. தீர்ப்பும் அதற்குப் பிறகும்

வேன் வாடகைக்குத்தான் ஓடியது, செல்லையா வேலுச்சாமியின் சம்பள டிரைவர், தகுந்த லைசென்ஸ் இல்லையென்று தெரிந்தே வண்டியை அவரிடம் கொடுத்தவர் வேலுச்சாமி என்று நீதிபதி தீர்ப்பெழுதினார். பாலிசி நிபந்தனை மீறப்பட்டாலும் அதற்காகச் செத்தவர்களின் குடும்பத்தைத் தெருவில் விட முடியாது என்றார். இன்சூரன்ஸ் முதலில் கொடுத்துவிட்டு வேலுச்சாமியிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவு போட்டார். கட்டை வாங்கிக்கொண்டு போன இரண்டு குடும்பங்களுக்கும் அதே உத்தரவுதான். ராக்கம்மாவின் உண்மை அவர்களுக்கும் சேர்த்து வேலை செய்தது.

இதோடு முடித்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனது. பணத்தில் ஒரு பகுதி மட்டும் வந்தது. மீதி வந்து சேர்வதற்குள் தேவகியின் குழந்தை பள்ளிக்கூடம் போய்விட்டது. போலீஸ் வழக்கு, குற்றவாளி இறந்துவிட்டார் என்ற காரணத்தால் எப்போதோ முடித்துவைக்கப்பட்டிருந்தது. இப்படியொரு தீர்ப்புக்குப் பிறகும் வேலுச்சாமிமேல் ஒரு கிரிமினல் வழக்குப் போட யாரும் முன்வரவில்லை. நான் எழுதிய புகார்களுக்கு, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. பரிசீலித்தவர்கள் எல்லாம் ரிட்டயராகிவிட்டார்கள். நானும் ஆகிவிட்டேன்.

அந்தத் தீர்ப்பை வைத்துப் புஷ்பத்துக்குக் குன்னூரில் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குப் போட்டேன். ஜெயித்தோம். அதற்குள் வேலுச்சாமி மண்டியை மனைவி பெயருக்கும் நிலத்தை மகன் பெயருக்கும் மாற்றியிருந்தார். ஜப்தி, ஆட்சேபணை, மறுபடி ஜப்தி. புஷ்பத்துக்கு அது துண்டு துண்டாகத்தான் வந்தது, முழுதாக வரவே இல்லை.

முதல் தீர்ப்பு வந்த வாரம் புஷ்பம் என்னிடம் ஒன்று கேட்டாள். "அம்மா, அவரு சம்பளத்துக்குத்தான் ஓட்டுனாரு, மொதலாளி சொல்லித்தான் ஓட்டுனாருன்னு அதுல எழுதியிருக்குன்னீங்கள்ல? அத எங்க லயத்துல வந்து படிச்சுக் காட்டுவீங்களா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சனம் கூடியது. ஆங்கிலத்தில் இருந்ததை நானே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சவக்கிடங்கில் துப்பிய கிழவரும் நின்றார். படித்து முடித்ததும் அவர் லயத்தில் தன் அறையான காம்பராவுக்குள் போய்விட்டார். ராக்கம்மா மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு புஷ்பத்தின் அருகில் வந்தார்.

"அவன் மேல எனக்கு இன்னும் கோவந்தான்" என்றார். "அந்தக் கோவம் உம்மேல இல்ல. புள்ளைக்குக் காச்சலா இருக்கு. நான் தண்ணிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்க."

புஷ்பம் எழுந்து அவர் காம்பராவுக்குப் போனாள். மன்னிப்பு, கண்ணீர் என்று அங்கே எதுவும் நடக்கவில்லை. குழந்தைக்கு உண்மையிலேயே காய்ச்சல்.

இளம் வக்கீல்களுக்கு நான் சொல்ல வேண்டியது சுருக்கமானது. விபத்து நடந்ததும் உங்கள் கைக்கு வரும் முதல் காகிதத்தில் டிரைவரின் அஜாக்கிரதை என்று இருக்கும். அவர் செத்திருந்தால் இன்னும் அழுத்தமாக இருக்கும். நம்பாதீர்கள். லைசென்ஸ் இல்லை என்றால், இல்லாத ஆளிடம் சாவி கொடுத்தது யார் என்று கேளுங்கள். பெர்மிட் இல்லை என்றால், தினமும் அந்த வண்டியை ரோட்டில் விட்டுவைத்தது யார் என்று கேளுங்கள். ஸ்டீயரிங் பிடித்தவரின் பெயர் தானாக வந்துவிடும். மற்ற பெயர்களை நீங்கள்தான் போய்ப் பிடித்து இழுத்து வர வேண்டும். அவர்கள் உயிரோடு, வெள்ளை வேட்டியில், கை கூப்பிக்கொண்டு உங்கள் ஆபீசுக்கே வருவார்கள். அன்றைக்குக் கோபப்படத் தெரியாவிட்டால் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள்.